இரு மொழிகளில் வளரும் மழலை: ஜெர்மனியில் வாழும் இந்தியப் பெற்றோர் அறிய வேண்டியவை என்ன?

புதுதில்லி:

கைப்பேசித் திரையில் தாத்தாவைக் கண்டதும் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அறையின் மூலையில் எரியும் விளக்கைச் சுட்டிக்காட்டி, "டா!" என்கிறது. மதுரையில் இருந்து பேசும் தாத்தா, "யாரைப் பார்த்து டா போடுற?" என்று சிரிக்கிறார். சற்று நேரத்தில் குழந்தை தன் தாயை "மாமா" என்று அழைக்கிறது. பாட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெர்மன் மொழியில் "டா" என்றால் "அதோ" என்று பொருள். "மாமா" என்றால் அம்மா. குழந்தை தவறாக எதையும் சொல்லவில்லை. அது வேறொரு மொழியில் சரியாகச் சொன்னது.

ஜெர்மனியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எளிதில் நிகழக்கூடிய காட்சி இது. தகவல் தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம், ஆராய்ச்சி ஆகிய துறைகளில் பணிபுரிய அந்நாட்டுக்குச் செல்லும் இந்தியர்களின் எண்ணிக்கை கடந்த பத்தாண்டுகளில் வேகமாக உயர்ந்துள்ளது. உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு வழங்கப்படும் நீல அட்டை உரிமத்தை ஜெர்மனியில் பெற்றவர்களில் இந்தியர்களே முதலிடத்தில் உள்ளனர். இளம் வயதில் செல்லும் இவர்களில் பலர் அங்கேயே குடும்பத்தைத் தொடங்குகின்றனர்.

வேலை, வீடு, விசா ஆகிய சிக்கல்கள் ஓரளவு தீர்ந்த பிறகு இக்குடும்பங்களை எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. குழந்தை பேசத் தாமதித்தால் வீட்டு மொழியை நிறுத்திவிட வேண்டுமா? அக்கம்பக்கத்தினரும் உறவினரும் சில வேளைகளில் கல்வியாளர்களும்கூட "ஒரே மொழியில் பேசுங்கள், குழந்தை குழம்புகிறது" என்று அறிவுறுத்துவது உண்டு. அந்த அறிவுரையை ஏற்றுத் தமிழையோ, தெலுங்கையோ, மராத்தியையோ கைவிடும் பெற்றோர், சில ஆண்டுகளில் பேரப்பிள்ளைக்கும் தாத்தா பாட்டிக்கும் இடையே பொது மொழியே இல்லாமல் போவதைக் காண நேரிடுகிறது. இது குறித்து ஆய்வுகள் கூறுவது என்ன, அன்றாட வாழ்வில் பெற்றோர் செய்யக்கூடியது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குழந்தையின் முதல் ஜெர்மன் வகுப்பறை

ஜெர்மனியில் பள்ளிக்கு முந்தைய பகல் பராமரிப்பு நிலையம் "கீட்டா" என்று அழைக்கப்படுகிறது. ஒரு வயது நிறைவடைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பராமரிப்பு இடம் பெறும் சட்டப்பூர்வ உரிமை 2013-ம் ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும், பல நகரங்களில் இடப் பற்றாக்குறை நீடிப்பதால், குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே பெற்றோர் பல நிலையங்களில் பெயரைப் பதிவு செய்து காத்திருக்கின்றனர். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறுபடும். தலைநகர் பெர்லினில் 2018-ம் ஆண்டு ஆகஸ்ட் முதல் எல்லா வயதினருக்கும் பராமரிப்புக் கட்டணம் நீக்கப்பட்டுள்ளது. உணவுக்கான பங்களிப்பு மட்டும் தொடர்கிறது. தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் குழந்தைகளைச் சேர்க்க முடியாது என்ற விதி 2020-ம் ஆண்டு மார்ச் 1 முதல் அமலில் உள்ளது.

இந்தியப் பெற்றோரை முதலில் வியப்பில் ஆழ்த்துவது சேர்க்கை நடைமுறையே. நம் ஊரில் முதல் நாள் அழும் குழந்தையை ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புவது வழக்கம். ஜெர்மனியில் பல நிலையங்கள் "பெர்லின் மாதிரி" எனப்படும் பழக்கப்படுத்தும் முறையைப் பின்பற்றுகின்றன. இதன்படி, முதல் மூன்று நாள்கள் தாயோ தந்தையோ சுமார் ஒரு மணி நேரம் குழந்தையுடன் அறையிலேயே அமர்ந்திருப்பார். நான்காம் நாளில்தான் சில நிமிடங்கள் பிரிந்து பார்க்கும் முதல் முயற்சி நடைபெறும். குழந்தை தேறும் வேகத்தைப் பொறுத்துப் பிரிவின் நேரம் கூட்டப்படும். இது நிறைவடைய இரண்டு, மூன்று வாரங்களோ, அதற்கு மேலோ ஆகலாம்.

வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இந்த வாரங்கள் இரட்டைச் சோதனை. தாயின் பிரிவோடு மொழியின் பிரிவும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் கேட்டாலும், வலிக்கிறது என்று சொன்னாலும் எதிரில் இருப்பவருக்கு விளங்காது. எனவே தண்ணி, பசி, வலி, தூக்கம், ஆய், "அம்மா வருவாங்க" போன்ற பத்துப் பன்னிரண்டு சொற்களை ஜெர்மன் எழுத்தில், பொருளுடன் எழுதிப் பராமரிப்பாளரிடம் கொடுப்பது நல்ல பயனளிக்கும். அழும் நேரத்தில் தன் மொழியில் ஒரு சொல் கேட்பது குழந்தைக்குப் பெரும் ஆறுதல்.

புதிய மொழிச் சூழலில் நுழையும் குழந்தை சில வாரங்கள், சில வேளைகளில் சில மாதங்கள்கூட அங்கே பேசாமல் இருப்பது இயல்பு. இதை மொழியியலாளர்கள் "மௌனக் காலம்" என்கின்றனர். வாய் பேசாவிட்டாலும் செவி உழைத்துக்கொண்டிருக்கும் காலம் அது. வீட்டில் வழக்கம்போல் பேசிக்கொண்டு, நிலையத்தில் மட்டும் அமைதியாக இருக்கும் குழந்தையைக் கண்டு முதல் வாரங்களிலேயே பதற்றமடைய வேண்டியதில்லை.

ஒரு வாரக் கணக்கு

"நாள் முழுவதும் கீட்டாவில் இருக்கும் குழந்தைக்கு வீட்டு மொழி எங்கே ஏறும்?" என்ற சோர்வு பல பெற்றோரிடம் காணப்படுகிறது. ஒரு எளிய கணக்கு இதற்கு விடை தரும்.

காலை 6.30 மணிக்கு விழித்து இரவு 7.30 மணிக்கு உறங்கும் இரண்டு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். நண்பகல் உறக்கம் 2 மணி நேரம் என்றால், நாளொன்றுக்கு 11 மணி நேரம் விழித்திருக்கும்; வாரத்துக்கு 77 மணி நேரம். காலை 8 முதல் மாலை 4 வரை நிலையத்தில் இருந்தாலும், உறக்கம் போக அங்கே விழித்திருப்பது நாளுக்கு 6 மணி நேரம், ஐந்து நாள்களுக்கு 30 மணி நேரம். எஞ்சிய 47 மணி நேரம் வீட்டாருடன் கழிகிறது. அதாவது விழித்திருக்கும் நேரத்தில் ஐந்தில் மூன்று பங்கு இன்னும் பெற்றோர் கையில்தான் இருக்கிறது.

ஆனால் நேரம் இருப்பது வேறு. பேச்சு இருப்பது வேறு. காலைப் பரபரப்பில் "சீக்கிரம் வா", "ஷூ போடு", "நேரமாச்சு" என்ற மூன்று வாக்கியங்களே திரும்பத் திரும்ப ஒலித்தால், குழந்தைக்கு அந்த மூன்றுதான் வரும். குளிப்பாட்டும்போது உடல் உறுப்புகள், சமைக்கும்போது காய்களின் பெயர்கள், பேருந்துக்குக் காத்திருக்கும்போது கண்ணில் படும் நிறங்கள் என்று செய்யும் வேலையைச் சொல்லிக்கொண்டே செய்வதுதான் அந்த 47 மணி நேரத்தை மொழியாக மாற்றுகிறது.

இரண்டு மொழிகள் குழந்தையைக் குழப்புமா?

இந்த அச்சத்துக்கு நூறாண்டு வரலாறு உண்டு. வேல்ஸ் நாட்டில் டி. ஜே. சேர் என்ற ஆய்வாளர் 1923-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, வெல்ஷ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளையும் பேசும் கிராமப்புறக் குழந்தைகள் அறிவுத்திறன் தேர்வுகளில் பின்தங்கியதாகக் கூறியது. குடும்பங்களின் சமூக, பொருளாதார நிலையில் இருந்த வேறுபாடுகளை அவ்வகை ஆய்வுகள் உரியவாறு கணக்கில் கொள்ளவில்லை என்பது பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகியோர் பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்த பத்து வயதுச் சிறாரிடம் நடத்தி 1962-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. இரு மொழிச் சிறார் பல தேர்வுகளில் ஒரு மொழிச் சிறாரை விஞ்சினர்.

இரு மொழி கற்றால் அறிவு கூடும் என்ற கருத்தும் இன்று விவாதத்துக்கு உட்பட்டதாகவே உள்ளது. ஆனால், இரு மொழிகளால் குழந்தைக்குப் பேச்சுக் குறைபாடு ஏற்படுவதில்லை என்பதில் மொழி வளர்ச்சி ஆய்வாளர்களிடையே பரவலான உடன்பாடு இருக்கிறது.

பிறந்த குழந்தையே இரு மொழிகளைப் பிரித்தறியும் திறனுடன் வருகிறது என்பதற்குச் சான்று உண்டு. கருவுற்றிருந்த காலத்தில் ஆங்கிலம், தகாலோக் ஆகிய இரு மொழிகளையும் பேசிய தாய்மார்களின் பச்சிளங்குழந்தைகள் அவ்விரு மொழிகளிலும் ஆர்வம் காட்டியதுடன், இரண்டையும் வேறுபடுத்தியும் அறிந்தன என்று வான்கூவர் நகர ஆய்வாளர்கள் 2010-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது.

இந்திய மொழிகளுக்கு நேரடித் தொடர்புடைய ஆய்வும் ஒன்று உள்ளது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் ஆகியோர் 1984-ம் ஆண்டு வெளியிட்ட அந்த ஆய்வில், இந்தி மொழியின் "ட", "த" ஒலிகளுக்கு இடையிலான வேறுபாட்டை ஆங்கிலச் சூழலில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் நன்கு உணர்ந்தன. ஆனால் 10 முதல் 12 மாதங்களுக்குள் அத்திறன் பெரிதும் மங்கியது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடமோ அது நிலைத்திருந்தது. பட்டு, பத்து ஆகிய சொற்களைப் பிரித்துக் காட்டும் அதே ஒலி வேறுபாடு தமிழுக்கும் உரியது. ஜெர்மன் மொழியில் அது இல்லை. முதல் ஆண்டில் வீட்டில் கேட்கும் பேச்சு வீண் போவதில்லை என்பதற்கு இதுவே போதிய விளக்கம்.

"மில்ஷ் வேணும்" என்று குழந்தை கேட்பதும் குழப்பத்தின் அறிகுறியன்று. பாலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லைத் தமிழ் வாக்கியத்தில் பொருத்தும் குழந்தை, அந்த நேரத்தில் கைக்கு எட்டிய சொல்லைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலச் சொல் கலக்காமல் ஒரு மணி நேரம் பேச இயலாத பெரியவர்கள் இதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

மஞ்சள் ஏடும் ஐம்பது சொற்களும்

ஜெர்மனியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மஞ்சள் நிற மருத்துவப் பதிவேடு ஒன்று வழங்கப்படுகிறது. குறிப்பிட்ட வயதுகளில் நடைபெறும் வளர்ச்சிப் பரிசோதனைகளின் முடிவுகள் அதில் பதிவாகும். 21 முதல் 24 மாதங்களுக்குள் நடைபெறும் "யு7" பரிசோதனையும், 34 முதல் 36 மாதங்களுக்குள் நடைபெறும் "யு7ஏ" பரிசோதனையும் பேச்சு வளர்ச்சியில் தனிக் கவனம் செலுத்துகின்றன.

இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்கள், இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும் தொடக்கம் ஆகியவை பொதுவாகப் பயன்படுத்தப்படும் அளவுகோல்கள். இங்குதான் இரு மொழிக் குழந்தைக்கு அநீதி நேர வாய்ப்புள்ளது. எடுத்துக்காட்டாக, ஒரு குழந்தை தமிழில் 30 சொற்களும் ஜெர்மனில் 28 சொற்களும் பேசுவதாகக் கொள்வோம். ஜெர்மன் சொற்களை மட்டும் எண்ணினால் குழந்தை பாதி வழியில் நிற்பதாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் 58 சொற்கள். குழந்தை எல்லையைத் தாண்டியிருக்கும். இரு மொழிக் குழந்தைகளின் சொல்வளத்தை இரு மொழிகளையும் சேர்த்தே அளவிட வேண்டும் என்பதை பார்பரா பியர்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1993-ம் ஆண்டிலேயே வலியுறுத்தினர்.

எனவே, பரிசோதனைக்குச் செல்லும் முன்னர் இரண்டு வாரங்கள் குழந்தை பேசும் சொற்களைப் பட்டியலிட்டு எடுத்துச் செல்வது அறிவுடைமை. முழுமையற்ற மழலைச் சொற்களும் கணக்கில் சேரும். "தண்ணி" என்பதை "ண்ணி" என்றோ, "பூனை" என்பதை "மியாவ்" என்றோ குழந்தை எப்போதும் ஒரே பொருளில் சொல்லுமானால் அதுவும் ஒரு சொல்லே.

இரு மொழிகளிலும் ஒவ்வொரு பொருளுக்கும் இணைச்சொல் தெரிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பதும் பொருந்தாது. சேற்றில் விளையாட அணியும் நீர்புகாக் கால்சட்டைக்குக் குழந்தைக்கு ஜெர்மன் சொல் மட்டுமே தெரியும். ரசத்துக்குத் தமிழ்ச் சொல் மட்டுமே தெரியும். எந்த இடத்தில், யாருடன், எதற்காக மொழி தேவைப்படுகிறதோ அதற்கேற்பச் சொற்கள் பங்கிடப்படுகின்றன. இரு மொழியாளர் என்பவர் ஒரே உடலில் உள்ள இரண்டு ஒரு மொழியாளர்கள் அல்லர் என்று பிரான்சுவா குரோஜான் என்ற மொழியியலாளர் விளக்குவது இதைத்தான்.

ஒருவருக்கு ஒரு மொழி: கட்டாயமா?

தந்தை ஒரு மொழியிலும் தாய் வேறொரு மொழியிலும் மட்டுமே குழந்தையுடன் பேச வேண்டும் என்ற முறை பரவலாக அறியப்பட்டது. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா, மோரிஸ் கிராமோன் வழங்கிய ஆலோசனைப்படி இம்முறையைத் தம் மகனிடம் கையாண்டு, 1913-ம் ஆண்டு அது குறித்து நூல் வெளியிட்டார். அவர் பிரெஞ்சிலும் அவருடைய மனைவி ஜெர்மனிலும் பேசினர். அமெரிக்காவில் வாழ்ந்த ஜெர்மானியரான வெர்னர் லியோபோல்டு, தம் மகள் இரு மொழிகளில் வளர்ந்த விதத்தை நாள்தோறும் குறித்து 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார்.

எனினும், இம்முறை மட்டுமே வெற்றிக்கு உத்தரவாதம் அளிக்காது. அனிக் டி ஹவர், பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் சுமார் 1,900 குடும்பங்களிடம் திரட்டிய தகவல்களை 2007-ம் ஆண்டு வெளியிட்டார். வீட்டில் வேறு மொழி பேசப்பட்ட போதிலும், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குடும்பங்களின் குழந்தைகள் அம்மொழியைப் பேசவில்லை என்பது அதில் தெரியவந்தது. பெற்றோர் இருவரும் வீட்டு மொழியைப் பேசி, அவர்களில் அதிகபட்சம் ஒருவர் மட்டுமே நாட்டு மொழியையும் வீட்டில் பேசிய குடும்பங்களில் வெற்றி வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது.

இதிலிருந்து இந்தியக் குடும்பங்கள் அறியக்கூடியது ஒன்று உண்டு. பெற்றோர் இருவருக்கும் தமிழே தாய்மொழி என்றால், வீட்டில் இருவரும் தமிழ் பேசுவதே எளிய வழி. ஜெர்மன் மொழியை அந்நாடே கற்பிக்கும். இலக்கணம் தடுமாறும் ஜெர்மனில் பெற்றோர் சிரமப்பட்டுப் பேசுவதைக் காட்டிலும், தங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் கதை சொல்லி, கோபித்து, கொஞ்சிப் பேசுவதே குழந்தைக்கு அதிகச் சொற்களைத் தருகிறது.

தாய் தமிழர், தந்தை வங்காளி, இருவருக்கும் பொது மொழி ஆங்கிலம், வெளியே ஜெர்மன் என்று நான்கு மொழிகள் புழங்கும் வீடுகளும் உள்ளன. அவற்றில் ஒருவருக்கு ஒரு மொழி என்ற முறை பொருத்தமாக அமையும். பல மொழிகளைக் கேட்டு வளர்வது இந்தியர்களுக்குப் புதியதன்று. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டு மக்களில் சுமார் 26 சதவீதம் பேர் இரு மொழிகளையும், சுமார் 7 சதவீதம் பேர் மூன்று மொழிகளையும் பேசுகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வந்தால்?

இரண்டரை, மூன்று வயதில் பெற்றோரை அதிகம் தளரச் செய்வது இந்தக் கட்டமே. "சாப்பிடலாமா?" என்று கேட்டால் "நைன்" என்று பதில் வரும். இல்லை என்று பொருள்படும் இந்த ஜெர்மன் சொல், ஊரில் இருக்கும் பாட்டியின் காதில் ஆங்கில எண் ஒன்பதாக விழும். பேத்தி எண்ணிப் பழகுவதாக அவர் மகிழ்ந்தாலும் வியப்பதற்கில்லை.

நார்வேயில் தந்தை நார்வேஜிய மொழியும் தாய் ஆங்கிலமும் பேசிய இரண்டு வயதுக் குழந்தையின் உரையாடல்களை ஆராய்ந்த எலிசபெத் லான்சா, குழந்தை மொழி மாறும்போது பெற்றோர் எதிர்வினையாற்றும் விதங்களை ஐந்தாக வகுத்தார். விளங்காதது போல் மீண்டும் கேட்பது, "இதைத்தான் சொல்கிறாயா?" என்று தம் மொழியில் ஊகித்துக் கேட்பது, குழந்தை சொன்னதைத் தம் மொழியில் திருப்பிச் சொல்வது, கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்வது, தாமும் குழந்தையின் மொழிக்கு மாறிவிடுவது. முதல் மூன்றும் குழந்தையை வீட்டு மொழியின் பக்கம் இழுக்கின்றன. கடைசி வழியோ, வீட்டு மொழி தேவையில்லை என்ற செய்தியைக் குழந்தைக்கு அளிக்கிறது.

நடைமுறையில் மூன்றாவது வழி எல்லோருக்கும் எளிது. குழந்தை "ஹுண்ட்!" என்று நாயைக் காட்டினால், "ஆமாம், நாய்! பெரிய நாய். வால் ஆட்டுது பாரு" என்று தொடரலாம். திருத்துவது போன்ற தொனி இல்லை; ஆனால் சொல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. "தமிழில் சொன்னால்தான் தருவேன்" என்ற மிரட்டல் மட்டும் கூடாது. மொழி தண்டனையோடு சேர்ந்தால் குழந்தை வெறுப்பது மொழியைத்தான்.

ஒத்துப்போகும் இடமும் முரண்படும் இடமும்

தமிழும் ஜெர்மனும் வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆயினும் குழந்தைக்குக் கைகொடுக்கும் சில ஒற்றுமைகள் உண்டு. "எனக்குக் குளிருது" என்பதை ஜெர்மனிலும் "எனக்கு" என்ற உருபோடுதான் சொல்கின்றனர். "நீ", "நீங்கள்" என்ற மரியாதை வேறுபாடு இரு மொழிகளுக்கும் பொது.

ஆனால் அந்த மரியாதையைப் பயன்படுத்தும் இடம் மாறுகிறது. கீட்டாவில் குழந்தைகள் பராமரிப்பாளரைப் பெரும்பாலும் பெயர் சொல்லி, "நீ" என்றே அழைக்கின்றனர். அங்கு அது நெருக்கத்தின் அடையாளம். அதே குழந்தை விடுமுறைக்கு ஊருக்கு வந்து பெரியப்பாவை "நீ வா" என்று அழைத்தால் முகங்கள் மாறுகின்றன. குழந்தைக்கு மரியாதை தெரியவில்லை என்று முடிவுகட்டுவதைவிட, "வாங்க, போங்க" என்பதைப் பெற்றோர் தமக்குள்ளும் குழந்தையிடமும் பேசிக் காட்டுவதே பயனுள்ளது. கேட்காத வடிவத்தை எந்தக் குழந்தையாலும் பேச இயலாது.

"நாம்", "நாங்கள்" என்ற வேறுபாடும் அத்தகையதே. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது நாம், விலக்கிவைப்பது நாங்கள். ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இதனால், பாட்டியைப் பூங்காவுக்கு அழைக்கும் குழந்தை "நாங்க போலாம்" என்று சொல்லக்கூடும். பாட்டியை விட்டுவிட்டுப் போகும் எண்ணம் அதற்கு இருக்காது.

திரையில் தெரியும் தாத்தா பாட்டி

நேரம் இல்லாத பெற்றோர், தமிழ்ப் பாடல் காணொளிகளை ஓடவிட்டால் குழந்தை மொழியைக் கற்றுக்கொள்ளும் என நம்புகின்றனர். இதில் எச்சரிக்கை தேவை. பட்ரீஷியா குல் தலைமையிலான குழு 2003-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழி கேட்கச் செய்யப்பட்டது. நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது சீன ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் உணர்ந்தன. அதே பேச்சைக் காணொளியிலோ ஒலிப்பதிவிலோ கேட்ட குழந்தைகளிடம் அந்தப் பயன் காணப்படவில்லை.

அதேவேளை, எதிரில் இருப்பவர் பதில் பேசும் காணொளி அழைப்பு இதிலிருந்து மாறுபடுகிறது. இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் நேரலை அழைப்பின் வழியே புதிய வினைச்சொற்களைக் கற்றனர், பதிவு செய்யப்பட்ட காணொளியில் கற்கவில்லை என்று சாரா ரோஸ்பெரி உள்ளிட்டோர் 2014-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. குழந்தை சொல்வதற்கு உடனுக்குடன் மறுமொழி கிடைப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான நேர வேறுபாடு கோடையில் மூன்றரை மணி. குளிர்காலத்தில் நான்கரை மணி. மாலை 4 மணிக்குக் குழந்தையை அழைத்து வரும்போது ஊரில் இரவு 7.30 அல்லது 8.30 ஆகியிருக்கும். அந்த நேரத்தில் "சாப்பிட்டியா? தாத்தா யாரு சொல்லு" என்று தேர்வு வைக்கும் அழைப்புகள் குழந்தையைச் சலிப்படையச் செய்கின்றன. பாட்டி கத்தரிக்காயைக் காட்டுவது, தாத்தா பொம்மையை ஒளித்துவைத்துத் தேடச் சொல்வது, இருபுறமும் ஒரே படப்புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது ஆகியவை பத்து நிமிடங்களைப் பயனுள்ளதாக்கும்.

இவை அனைத்தையும்விட வலுவானது நேரில் வந்து தங்குவதே. ஷெங்கன் விசாவில் வரும் தாத்தா பாட்டி, 180 நாள்களில் அதிகபட்சம் 90 நாள்கள் தங்கலாம். ஜெர்மன் அறியாத ஒருவர் வீட்டில் இருக்கும்போது, தமிழ் பேசுவதற்கான தேவை குழந்தைக்குத் தானாகவே பிறக்கிறது. அந்த மூன்று மாதங்களில் பேச்சு பெருகுவதைப் பெற்றோர் கண்கூடாகக் காணலாம்.

பேச்சுக்குப் பின் எழுத்து

மூன்று வயது வரை எழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு வயதுக் குழந்தையிடம் நூல்நடையில் பேச வேண்டிய தேவையும் இல்லை. வீட்டில் புழங்கும் பேச்சுத் தமிழே அதன் அடித்தளம். எழுத்துத் தமிழ் பின்னர் அதன் மீது எழும்பும். 1980-களில் போரின் காரணமாக ஜெர்மனியில் தஞ்சமடைந்த ஈழத் தமிழர்கள், பல நகரங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை உருவாக்கி இன்றளவும் நடத்தி வருகின்றனர். பள்ளி வயதை எட்டும் குழந்தைகளுக்கு அவை துணையாக உள்ளன. தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான பாடங்களை இணையவழியில் வழங்குகிறது.

விழாக்களும் மொழிக்கு வாயில்களே. நவம்பர் 11 அன்று புனித மார்ட்டின் நாளையொட்டி, ஜெர்மானியக் குழந்தைகள் தாமே செய்த காகித விளக்குகளை ஏந்தி வீதியில் ஊர்வலம் செல்கின்றனர். அதையொட்டிய வாரங்களிலேயே கார்த்திகை தீபமும் வருகிறது. ஒரே குழந்தை ஒரு மாலையில் "லாடெர்னே" என்றும், மற்றொரு மாலையில் "விளக்கு" என்றும் சொல்லப் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான வாய்ப்பு அமையாது.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

இரு மொழி என்ற காரணத்தைக் காட்டி உண்மையான சிக்கலைத் தள்ளிப்போடுவதும் தவறு. கீழ்க்கண்ட நிலைகளில் தாமதமின்றிக் குழந்தை நல மருத்துவரை அணுக வேண்டும்.

* பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒலிகளுக்கு எதிர்வினை இல்லாமை.
* ஒரு வயதைத் தாண்டியும் விரலால் சுட்டிக்காட்டாமை, கையசைக்காமை.
* இரண்டு வயதில் இரு மொழிகளையும் சேர்த்து எண்ணியும் சொற்கள் மிகக் குறைவாக இருத்தல்.
* எந்த மொழியிலும் எளிய கட்டளைகளைப் புரிந்துகொள்ளாமை.
* முன்பு பேசிய சொற்களை இழத்தல்.

உண்மையான பேச்சுக் குறைபாடு ஒரு மொழியில் மட்டும் தோன்றுவதில்லை. இரு மொழிகளிலும் வெளிப்படும். எனவே ஜெர்மன் மட்டும் பின்தங்கியிருந்தால், அது பெரும்பாலும் கேட்கும் வாய்ப்பின் குறைவே. இரு மொழிகளும் பின்தங்கியிருந்தால் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. அந்நிலையிலும் வீட்டு மொழியை நிறுத்துவது சிகிச்சை ஆகாது. தேற்றும் மொழியைக் குழந்தையிடமிருந்து பறிப்பதாகவே அது முடியும்.

நிலையத்திலோ மருத்துவமனையிலோ "வீட்டில் ஜெர்மன் மட்டும் பேசுங்கள்" என்று கூறப்பட்டால், பெற்றோர் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். குழந்தையின் தமிழ்ச் சொற்களும் எண்ணப்பட்டனவா? செவித்திறன் பரிசோதிக்கப்பட்டதா? இவற்றுக்கு விடை கிடைக்கும் வரை வீட்டுப் பேச்சில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இன்று மாலை அழைப்பில் குழந்தை மீண்டும் "டா!" என்று விளக்கைக் காட்டினால், தாத்தா சொல்ல வேண்டியது ஒன்றே: "ஆமா கண்ணு, அதோ விளக்கு!"